உடல் மேற்பரப்புத் தூய்மைச் செயல்பாடு

வார்டு அண்ணன் செய்த ஒரே தவறு, கேட்கப் போனதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர் அவர். வார்டு வேலையை எல்லாம் ஒப்பந்தக்காரர்களிடம் விட்ட பிறகு வெளியே வந்து, படுக்கையில் விழுந்தவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்டுவார், முகம் மழிப்பார், புரட்டிப் படுக்க வைப்பார், நகம் வெட்டுவார். யாரும் எந்தக் குறையும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ரேடியோவில் ஓர் அறிவிப்பு வந்தது. வீடுகளில் பராமரிப்புச் சேவை வழங்குவோர் கட்டாயம் உரிமம் பெற்றிருக்க வேண்டும், விவரங்களுக்கு வாரியத்தை அணுகவும்.

"போகாதீங்க" என்றாள் மனைவி. அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அரசாங்க அறிவிப்புகளைக் காற்புள்ளி காற்புள்ளியாகப் படித்துப் பழகியவள். "அணுகவும்னு போட்டிருந்தா, அணுகாதவங்கல்லாம் நிம்மதியா இருக்காங்கன்னு அர்த்தம்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல. போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்டின் கதவில் 'பராமரிப்பில் உள்ளது' என்று ஓர் அட்டை தொங்கியது. அந்தக் கட்டடத்தில் பராமரிப்பில் இருந்தது அது ஒன்றுதான் என்பது அண்ணனுக்கு அப்போது தெரியாது. படியேறிப் போய், முதல் ஜன்னலில் இருந்த அலுவலரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"உரிமம் இருக்கா?" என்றார் அலுவலர்.

"இல்ல சார். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"இப்ப யாரையாவது பராமரிக்கிறீங்களா?"

"ஆமா சார். கால்பந்து நடுவரா இருந்தவர் ஒருத்தர். பக்கவாதம். வலது பக்கம் சுத்தமா வராது."

"உரிமம் இல்லாம பராமரிக்கிறீங்க."

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்."

"ஆக, ஒப்புக்கறீங்க." அலுவலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரோஸ் நிறத் தாளை எடுத்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "இந்த வருஷத்துல நாங்க பிடிச்ச முதல் ஆள் நீங்கதான்."

"பிடிச்சீங்களா? நானா நடந்து வந்தேனே சார்."

"மத்தவங்க யாரும் வர மாட்டேங்கறாங்களே. வராதவங்களை நாங்க எப்படிப் பிடிக்கறது?"

ரோஸ் தாள், தடை உத்தரவு. உரிமம் கிடைக்கும்வரை எந்தச் சேவை பெறுநரையும் தொடக் கூடாது. அறுபது நாளுக்குள் உரிமம் பெறாவிட்டால், சம்பந்தப்பட்ட சேவை பெறுநர் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்கு மாற்றப்படுவார்.

"சார், அவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். இல்லன்னா முதுகுல புண் வந்துடும்."

"புண் வந்தா அது வேற துறை" என்றார் அலுவலர், ஆறுதலாக.

நடுவர் முப்பது வருடம் மைதானங்களில் ஓடியவர். இப்போது கட்டிலில் கிடந்தார். பேச்சு குழறும் என்பதால் கழுத்தில் பழைய விசிலைத் தொங்கவிட்டிருந்தார். ஒருமுறை ஊதினால் தண்ணீர். இருமுறை ஊதினால் புரட்ட வேண்டும். நீளமாக ஊதினால் ஓடி வர வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. தலையணைக்கடியில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் இருக்கும். இடது கை நன்றாக வேலை செய்ததால் யாருக்கும் தப்பிக்க வழியில்லை. மருந்து கசந்தால் டாக்டருக்கே மஞ்சள் அட்டை.

அவருடைய மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். காலையிலும் மாலையிலும் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கவே நேரம் சரியாக இருக்கும். நடுவில் மதியம் மட்டும் வீட்டில் இருப்பாள். செய்தியைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காப்பகத்துக்கா? அண்ணே, அங்க ஒரு அறையில பன்னெண்டு பேரைப் போட்டிருக்காங்க. அப்பா விசில் அடிச்சா பன்னெண்டு பேரும் எந்திரிச்சுக்குவாங்களே."

"எந்திரிக்கற நிலைமையில இருந்தா அங்க ஏம்மா இருக்காங்க" என்றார் அண்ணன். பிறகு, சொன்னது சரியில்லை என்று தோன்றி, "நான் உரிமம் வாங்கிடுவேன்மா. இருபத்திரண்டு வருஷம் செஞ்ச வேலை. எனக்கா குடுக்க மாட்டாங்க?" என்றார்.

உத்தரவில் 'தொடக் கூடாது' என்றுதான் இருந்தது. பார்க்க வரக் கூடாது என்று இல்லை. எனவே அவர் தினமும் மதியம் விருந்தாளியாக வந்தார். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கைகளைச் சும்மா விட்டால் அவை தாமாகவே வேலை பார்க்கப் போய்விடும் என்று பயம். "ஒரு கையைத் தோளுக்கடியில குடும்மா. இன்னும் கீழ. முழங்காலை முதல்ல மடக்கு, அப்புறம் இழு." மகள் மூச்சு வாங்கப் புரட்டுவாள். நடுவர் தலையைத் திருப்பி, சும்மா உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்த்து, தலையணைக்கடியிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டுவார்.

வாரியத்தின் பயிற்சி வகுப்பு மூன்று நாள். வகுப்பெடுத்தவர் 'படுத்திருத்தல்' பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். படுத்திருக்கும் யாரையும் அவர் தொட்டதில்லை என்பதை முதல் நாளே பெருமையாகச் சொன்னார். "தொட்டுட்டா பார்வையில நடுநிலைமை போயிடும்." நானூறு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் நோயாளி என்ற சொல் கிடையாது; சேவை பெறுநர். குளிப்பாட்டுவதற்குப் பெயர் உடல் மேற்பரப்புத் தூய்மைச் செயல்பாடு. சாப்பாடு ஊட்டுவது வாய்வழி உள்ளீட்டு ஆதரவு. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அது பின்னூட்டம்.

"அழுதா சார்?" என்று கேட்டார் அண்ணன்.

பயிற்றுநர் கையேட்டைப் புரட்டினார். "திரவ வெளியேற்றம்" என்றார்.

எழுத்துத் தேர்வில் அண்ணன் தேறினார். மனைவி கேள்வி கேட்டுக் கேட்டு உருப்போட வைத்திருந்தாள். செய்முறைத் தேர்வு ஒரு வியாழக்கிழமை வந்தது.

தேர்வுக்கென்று வாரியத்தில் ரப்பர் பொம்மை ஒன்று உண்டு. பொருள் சரிபார்ப்பின்போது அதற்கு ஒரு கால் குறைந்திருந்ததால், விசாரணை முடியும்வரை அதை அலமாரியில் வைத்து அரக்கு முத்திரை போட்டிருந்தார்கள். உயிருள்ள சேவை பெறுநர் ஒருவர் வேண்டும். சட்டப்படி அவர் அதிகாரி நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். துணை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "நானே படுக்கறேன். அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுங்க, எனக்குக் கோப்பு கிடக்கு."

கோட்டும் காலணியுமாகத் தேர்வுக் கட்டிலில் படுத்தார். மதிப்பீட்டாளர் ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு கால்மாட்டில் நின்றார்.

அண்ணன் முதலில் கட்டிலின் பக்கத்தில் குனிந்து, "எங்கயாவது வலி இருக்கா சார்?" என்று கேட்டார்.

துணை இயக்குநர் திடுக்கிட்டார். அவரிடம் அப்படி யாரும் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "இடுப்பு" என்றார், சத்தம் குறைந்து. "எட்டு வருஷமா."

அண்ணன் காலணியைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்தார். கோட்டைக் கழற்றினார். வெந்நீரில் முழங்கையை வைத்துச் சூடு பார்த்து, துண்டை நனைத்துப் பிழிந்து, முகம், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு என்று துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு பக்கமாகப் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, இடுப்பிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் தேய்த்தார். வெகுகாலம் திறக்காத இரும்பு அலமாரியின் இழுப்பறை திறப்பதுபோல் துணை இயக்குநரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு குறட்டை வந்தது. ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. இரண்டு கடைநிலை ஊழியர்கள் கோப்புகளோடு வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, கால்விரலில் நடந்து திரும்பிப் போனார்கள்.

மாலை முடிவு ஒட்டினார்கள். தோல்வி. காரணம்: துண்டு மூன்றாக மடிக்கப்பட்டிருந்தது, நான்காக மடிக்கப்பட்டிருக்க வேண்டும். மறுதேர்வு அடுத்த வியாழன்.

தப்பு தன்னுடையதுதான் என்று அண்ணன் நினைத்தார். ஒரு வாரம் வீட்டில் துண்டு மடித்துப் பழகினார். அடுத்த வியாழன் போனபோது துணை இயக்குநர் வீட்டிலிருந்து சொந்தத் தலையணையோடு வந்து தயாராக இருந்தார். ஆனால் கண்காணிப்பாளர் ஆட்சேபித்தார். "ஒரே ஆள் ரெண்டாவது தடவையும் படுத்தா பாரபட்சம்னு கேள்வி வரும் சார். வாரியத்தோட நடுநிலைமைக்காக நான் படுக்கறேன்." வாரியத்தின் நடுநிலைமைக்காக அவர் ஒன்றேகால் மணி நேரம் படுத்திருந்தார். முகம் மழிக்கும்போது அண்ணன் ஏதோ வார்டுக் கதை சொல்ல, வயிறு குலுங்கச் சிரித்தார். முடிவு: தோல்வி. காரணம்: சேவை பெறுநரைச் சிரிக்க வைத்தார், கையேட்டில் சிரிப்புக்கு இடமில்லை.

அதற்கடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. சேவை பெறுநராகப் படுப்பதற்கான முன்னுரிமைப் பட்டியல். வேலையில் சேர்ந்த தேதியை வைத்தா, வயதை வைத்தா என்று இரண்டு பிரிவுகளுக்கிடையே தகராறு மூண்டது. ஒருவர் தனக்குத் தோள்பட்டை பிடித்திருப்பதற்கு மருத்துவச் சான்றிதழ் இணைத்து மேல்முறையீடு செய்தார். இன்னொருவர், அண்ணனின் மறுதேர்வை வாரம் இரண்டாக உயர்த்தினால் வாரியத்தின் செயல்திறன் கூடும் என்று எட்டுப் பக்கத்துக்கு எழுதினார். அது உடனே ஏற்கப்பட்டது. அந்த வாரியத்தில் உடனே ஏற்கப்பட்ட ஒரே பரிந்துரை அதுதான். அப்புறம் திங்களும் தேர்வு, வியாழனும் தேர்வு, திங்களும் தோல்வி, வியாழனும் தோல்வி. நாற்காலியின் நிழல் கட்டிலில் விழுந்ததற்கு ஒரு தோல்வி. தண்ணீர் வாளியை இடது கையால் தூக்கியதற்கு ஒன்று. ஒருமுறை எல்லாமே சரியாக இருந்ததால், "ஐயத்துக்கிடமான அளவுக்குக் குறையின்மை" என்று எழுதினார்கள்.

புள்ளிவிவர அலுவலர் அம்மா மட்டும் வேறு மாதிரி. முறை வந்தபோது அவர் படுக்கவில்லை. காலை மட்டும் வெந்நீரில் வைத்துக்கொண்டார். வெடித்துப் போயிருந்த குதிகால்களை அண்ணன் மெதுவாகத் தேய்த்துக் கழுவும்போது வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா கடைசி ஆறு மாசம் படுக்கையில இருந்தாங்க" என்றார். "உரிமம் உள்ள ஆளுக்கு எழுதிப் போட்டேன். வரிசை எண் வந்தது. ஆள் வரல." அன்று அவர் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்தில் அதை அடித்துவிட்டார்கள். பதினொரு தோல்விக்கு நடுவே ஒரு தேர்ச்சி இருந்தால், புள்ளிவிவரப்படி அது பிழையாகத்தான் இருக்க வேண்டுமாம்.

இதற்குள் ஐம்பத்தைந்து நாள் ஓடியிருந்தது. நடுவரின் முதுகுத்தண்டின் அடியில் முதலில் ஒரு சிவப்புத் தடம் தெரிந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் அழுத்தம் படாம பார்த்துக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகளும் முடிந்ததைச் செய்தாள். ஆனால் வேன் ஓட்டப் போகும் நேரத்தில் யார் புரட்டுவது? ஒரு சனிக்கிழமை தோல் விட்டுவிட்டது. நடுவர் இப்போதெல்லாம் விசிலை ஊதுவதே குறைந்து போயிற்று. மஞ்சள் அட்டையும் காட்டவில்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. காப்பகத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலை வண்டி வரும். சேவை பெறுநரை மாற்றுத்துணி இரண்டுடன் தயாராக வைத்திருக்கவும்.

மகள் கடிதத்தை அண்ணனிடம் நீட்டினாள். அழவில்லை. "வியாழக்கிழமைதானே அண்ணே உங்களுக்குக் கடைசித் தேர்வு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து, முழங்கையைச் சாப்பாட்டு மேசையில் ஊன்றி, தலையைப் பிடித்துக்கொண்டார். "என் கையில ஏதோ கோளாறு. வயசாயிடுச்சு. வேலை மறந்து போச்சு."

மனைவி கையேட்டை எடுத்து, அச்சகத்தில் செய்வதுபோலச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். மூன்று சாயங்காலம் ஒரு வரி விடாமல் படித்தாள். புதன்கிழமை படித்து முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இந்தப் புஸ்தகத்துல 'சுகம்'ங்கற வார்த்தை ஒரே ஒரு இடத்துல வருது. அது மதிப்பீட்டாளர் உட்கார்ற நாற்காலியைப் பத்தி."

"அதுக்கு?"

"நீங்க இதுல இருக்கறபடியா செஞ்சீங்க? நல்லாத்தானே செஞ்சீங்க!"

"நல்லா செஞ்சாத்தானே பாஸ் போடுவாங்க?"

"நல்லா செய்யறதாலதாங்க போடல. நீங்க பாஸாயிட்டா அடுத்த வியாழக்கிழமை அவங்க முதுகை யாரு தேய்க்கறது? உங்களுக்குத் தேர்வா நடத்தறாங்க? அவங்களுக்கு வைத்தியம் நடக்குது." கையேட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நாளைக்கு இதுல இருக்கறதை மட்டும் செய்யுங்க. ஒரு எழுத்துக் கூடவும் வேண்டாம், ஒரு எழுத்துக் குறையவும் வேண்டாம்."

அண்ணன் சில பக்கங்களைப் படித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஒரு மனுஷன் படுத்திருக்கறப்ப இப்படிச் செய்ய எனக்குக் கை வராதுடி."

"அவங்க மனுஷனாவா படுக்கறாங்க? துறையாத்தானே படுக்கறாங்க. துறைக்கு இது போதும்."

வியாழக்கிழமை தேர்வு அறையில் கூட்டம் நின்றது. இயக்குநரே வந்திருந்தார். 'தொடுதலின் எதிர்காலம்' என்ற மாநாட்டுக்கு இரண்டு மாதம் வெளிநாடு போயிருந்தவர், திரும்பி வந்ததும் விஷயத்தைக் கேள்விப்பட்டு, முன்னுரிமைப் பட்டியலை ஒரே கையெழுத்தில் ரத்து செய்துவிட்டு, தானே படுக்க முன்வந்திருந்தார். தேர்வு ஆரம்பிக்கும் முன் சின்னதாக ஓர் உரை ஆற்றினார்.

"நண்பர்களே, நம் வாரியம் தரத்தில் சமரசம் செய்துகொள்வதில்லை. போன வருடம் நாம் ஒருவருக்குக்கூட உரிமம் வழங்கவில்லை. தரம் அவ்வளவு உயர்ந்திருக்கிறது. தவறான பராமரிப்பால் பாதிக்கப்பட்டதாக நமக்கு ஒரு புகார்கூட வரவில்லை. காரணம் எளிது. பராமரிப்பு கிடைத்தால்தானே அது தவறாகப் போகும்? அந்த வாய்ப்பையே நாம் அகற்றியிருக்கிறோம். இந்தச் சாதனைக்கு உங்கள் ஒவ்வொருவரின் ஓய்வற்ற உழைப்பும்..."

கைதட்டினார்கள். இயக்குநர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணை மூடிப் புன்னகையோடு படுத்தார். "ஆரம்பிங்க."

அண்ணன் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றார். கையுறைமேல் கையுறை போட்டிருந்தார்.

"சேவை பெறுநர் அவர்களே, தங்கள் இடது முன்கையின் மேற்பரப்பை அணுக உத்தேசித்துள்ளேன். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்."

"எழுத்துல வேணும் சார். படிவம் ஏழு. ரெண்டு சாட்சி."

இயக்குநர் ஒரு கண்ணைத் திறந்தார். படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். துணை இயக்குநரும் கண்காணிப்பாளரும் சாட்சி போட்டார்கள். அண்ணன் இடது முன்கையைத் துடைக்க வாளியருகே போனார். கையேட்டின்படி தண்ணீரின் சூட்டைப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளந்து எழுத வேண்டும். எழுதினார். மூன்றாவது தடவை அளக்கும்போது அது குழாய்த் தண்ணீராகிவிட்டிருந்தது. துண்டை நான்காக மடித்து நனைத்து முன்கையில் வைத்தார். இயக்குநரின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"பின்னூட்டம் பதிவு செய்யப்பட்டது" என்றார் அண்ணன். "அடுத்து வலது முன்கை. படிவம் ஏழு, பிரிவு ஆ."

முகத்துக்கு வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை போட்டு நிறுத்தினார். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணியக் கணக்கெடுப்பு எடுக்க வேண்டும் என்பது விதி. "இக்கணம் தங்கள் கண்ணியம் எந்த அளவில் உள்ளது சார்? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லணும்."

இயக்குநருக்குப் பல் தந்தியடித்தது. "ரெ... ரெண்டு."

"ரெண்டுன்னா மேம்பாட்டுப் படிவம் நிரப்பணும் சார்."

"அஞ்சு! அஞ்சு!"

"திருத்தம் செஞ்சா திருத்தப் படிவம் சார்."

கடைசியில் புரட்டும் கட்டம். தொண்ணூறு பாகைக்குச் சுவரைப் பார்த்துப் புரட்டி, ஆவணம் முடியும்வரை அதே நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. புரட்டினார். ஆவணப் படிவம் முதல் மாடியில் இருந்தது. லிப்ட் இன்னும் பராமரிப்பில்தான் இருந்தது. கடைநிலை ஊழியர் இறங்கிப் போய், அங்கே தேநீர் இடைவேளை முடியக் காத்திருந்து, ஏறி வருவதற்குள் இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் இயக்குநர் அரைக் கன்னம் நுரையோடு, வெற்று முதுகோடு சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையைச் செருக அண்ணனின் கைகள் துடித்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்காயை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு காக்காய்தான் இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினார்.

"முதுகை... கொஞ்சம்..." என்றார் இயக்குநர் சுவரிடம்.

"முதுகுக்குத் தனிப் படிவம் சார்."

"யாருய்யா இதையெல்லாம் எழுதினது?"

துணை இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "நீங்கதான் சார். முன்னுரையில உங்க போட்டோகூட இருக்கு."

மதிப்பீட்டாளர் அட்டையை மூன்று தடவை மேலும் கீழும் பார்த்தார். எழுத ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. "எல்லாம் விதிப்படி இருக்கு சார்" என்றார், ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல்.

"குடுங்க அதை!" இயக்குநர் படுத்தபடியே கையை நீட்டி உரிமத்தை வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இனிமே இந்த ஆளை இந்தக் கட்டடத்துல நான் பார்க்கக் கூடாது."

மற்ற அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டியல் ரத்தானாலும், தோள்பட்டைக்காரர் அடுத்த திங்கள் தன் முறை வரும் என்று நம்பியிருந்தார். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அண்ணன் உரிமத்தை வாங்கிப் பையில் வைத்தார். "தேர்வு முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

உடனே இரண்டு கையுறைகளையும் உருவி எறிந்தார். கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, இயக்குநரின் கன்னத்து நுரையைத் துடைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, போர்வைக்குள் கைவிட்டு முதுகை நாலு தடவை சூடு பறக்கத் தேய்த்தார். "குளிர்ல படுக்க வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இயக்குநர் சுவரிலிருந்து திரும்பவில்லை.

பஸ் பிடித்து நடுவர் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. மகள் வேனை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உரிமத்தைக் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தண்ணி அடுப்புல இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு, வேனுக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்து வரப் போனாள்.

அண்ணன் சட்டைக் கையை மடித்தார். நடுவரைப் புரட்டி, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். அறுபது நாள் மழிப்பில் விட்டுப்போன தாடையடி முடியை எடுத்தார். எலும்பு படும் இடங்களிலெல்லாம் சின்னத் தலையணை கொடுத்தார். நடுவர் கண்ணை மூடிக்கொண்டு, குழறலாக, ஆனால் புரியும்படி, "இவ்ளோ நாள் எங்கய்யா போயிருந்தே?" என்றார்.

"எதிரிலதானே உட்கார்ந்திருந்தேன்!"

"அது விளையாட்டுல சேர்த்தி இல்ல" என்றார் நடுவர்.

வெள்ளிக்கிழமை காலை காப்பகத்து வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே நுழைந்தார்கள். நடுவர் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு விசில் ஊதி, அவர்கள் இருவருக்கும் சேர்த்துச் சிவப்பு அட்டையைக் காட்டினார். மகள் உரிமத்தைக் காட்டினாள். வந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு தாள் உண்டென்று கேள்விப்பட்டிருந்தார்களாம், நேரில் பார்த்ததில்லையாம்.

புண் ஆற ஐந்து வாரம் பிடித்தது.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கோட்டு இல்லை, டை இல்லை, தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தது. கதவைத் திறந்த மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் வந்த அண்ணனுக்குத்தான் தெரிந்தது.

"ஆய்வுக்கு வரல" என்றார் இயக்குநர் அவசரமாக. "எங்கப்பா... விழுந்துட்டார். இடுப்பெலும்பு. பத்து நாளா படுக்கையில இருக்கார். ரெண்டு ஆளைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பேரும் கையேட்டைக் கரைச்சுக் குடிச்சவங்க. படிவம் நீட்டுனா அப்பா கிழிச்சுப் போட்டுடறார். நாலு நாளா அவர் மேல தண்ணி படல." சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்தார். "நீங்க வரணும். ஆனா... புஸ்தகப்படி வேண்டாம்."

மனைவி உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க சார். 'புஸ்தகப்படி வேண்டாம்'னு. கீழ கையெழுத்து. தேதி."

இயக்குநர் தாளை வாங்கினார். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்ட கை. தாளைச் சுவரில் வைத்தார். எடுத்தார். தொடையில் வைத்தார். பேனா முனை தாளில் ஒரு புள்ளி வைத்தது. புள்ளி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போயிற்று. எழுத்து வரவில்லை. "வாய்மொழியா இருக்கட்டுமே மேடம்" என்றார் கடைசியில், கெஞ்சலாக.

"வாய்மொழி செல்லாதுன்னு நாலாவது பக்கத்துலயே போட்டிருக்கீங்க."

அண்ணன் இருவரையும் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பையில் துண்டுகளையும் சவரக் கத்தியையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, செருப்பை மாட்டினார்.

"என்னங்க, எழுதி முடிக்கட்டுமே" என்றாள் மனைவி.

"அவர் எழுதட்டும். பெரியவர் நாலு நாளா அப்படியே கிடக்கறார்." இயக்குநர் பக்கம் திரும்பினார். "அப்பா எந்தப் பக்கம் படுத்தா சார் அவருக்கு வலி கம்மியா இருக்கு?"

இயக்குநர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பத்து நாளில் அவர் அப்பாவிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"சரி வாங்க, அவரையே கேட்டுக்கலாம்" என்று சொல்லி அண்ணன் முன்னால் நடந்தார்.